நவம்பர் பதினைந்துக்கு முன்

அன்பு மகன் அய்ஹமுக்கு உம்மா எழுதுவது, அல்லாஹ்வின் அமைதி உன் மேல் உண்டாகட்டும். நானும் உன் வாப்பாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் பெரியம்மா மகள் தீமா ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தோடு இந்த வருஷத்து ஒலிவ எண்ணெய் ஒரு டின், எண்ணெயில் ஊறப்போட்ட கத்திரிக்காய் ஒரு பாட்டில், கம்பளிக் காலுறை மூன்று ஜோடி எல்லாம் கொடுத்தனுப்புகிறேன், பாட்டிலை நேராகவே வைத்துக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், அவள் எப்படிக் கொண்டுவருகிறாளோ. உன் தங்கை ருதைனா போன வெள்ளிக்கிழமை ஸர்காவிலிருந்து வந்திருந்தாள், அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறது, பார்க்கப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருக்கிறது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் தினம் பேசுகிறோமே, இவளுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ நினைப்பாய். போனை உன் வாப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவர் காது கேட்க இதை என்னால் சொல்ல முடியாது. இப்போது அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மகனே, முதலில் மனதைத் திடப்படுத்திக்கொள். மேல்மாடி இன்ஸாஃப் இறந்துவிட்டாள். மூன்று வாரம் ஆகிறது. நீ ஒவ்வொரு முறையும் இன்ஸாஃப் மாமி எங்கே, போனை அவளிடம் கொடு என்று கேட்டபோது, இர்பிதில் அவள் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னோமே, அவளை அடக்கம் செய்திருப்பது இர்பிதில்தான், அந்த அளவுக்குத்தான் அதில் உண்மை. நீ தனியாக இருக்கிற ஊரில் இதைக் கேட்டு யார் தோளில் சாய்வாய் என்று நினைத்து உன் வாப்பா சொல்ல வேண்டாம் என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் அவள்தான் இருந்தாள், விமான நிலைய வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கே வேலையில் இருந்த உன் வாப்பாவிடம், மழை வருமா வராதான்னு அங்க உக்காந்து பாத்துட்டிருங்க, இங்க வரவேண்டியது வந்தாச்சு, பையன் என்று சொன்னவள் அவள். அந்தக் குரலை நீ இருபத்தாறு வருஷம் படிக்கட்டில் கேட்டு வளர்ந்தாய். சட்டென்று இப்படி எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு, சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

எப்படி ஆனது என்று சொல்கிறேன். எல்லா வீட்டுக் கணப்புக்கும் வெந்நீர் ஏற்றுகிற நம் கட்டடத்துப் பாய்லரின் சாவி பதினெட்டு வருஷமாக உன் வாப்பா கையில் இருப்பது உனக்குத் தெரியும், நவம்பர் பதினைந்தாம் தேதிக்கு முன் அதைப் பற்றவைக்க மாட்டார் என்பதும் தெரியும். ஒவ்வொரு அக்டோபரிலும் ஆறு வீட்டுக்காரர்களும் படியில் அவரை நிறுத்திக் கேட்பார்கள், அவர் பால்கனியில் தொங்குகிற வெப்பமானியைக் காட்டுவார், பகல்ல இருபது டிகிரி இருக்கு, வெயில் காயுது, இதுக்குப் பேர் குளிரா, ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போடுங்க என்பார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள், இரண்டு வாரம் கழித்து அவரே இறங்கிப்போய்ப் பற்றவைப்பார், எல்லாம் மறந்துபோகும். ஆனால் போன வருஷம் இன்ஸாஃப் பிடுங்கி எடுத்தாளே என்று ஒரு வாரம் முன்னாலேயே போட்டுவிட்டார், பிப்ரவரி நடுவில் டீசல் தீர்ந்து, லாரி வராமல் நான்கு நாள் கட்டடமே விறைத்துப்போனது. அப்போது இரண்டாம் மாடி ஹிக்மத் எல்லார் முன்னாலும், வானத்தைப் பாத்துச் சம்பளம் வாங்கினவருக்கு டேங்கைப் பாக்கத் தெரியலையே என்று சொல்லிவிட்டான். உன் வாப்பா சிரித்துக்கொண்டு வந்துவிட்டார், ஆனால் அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த வருஷம் தலைகீழாக நின்றாலும் தேதிக்கு முன்னால் போட மாட்டேன் என்று செப்டம்பரிலேயே என்னிடம் சொன்னார்.

இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. நவம்பர் ஒன்றாம் தேதி சனிக்கிழமை மழை பிடித்தது, மூன்று நாள் விடவில்லை, சுவர்க் கல்லெல்லாம் ஈரம் குடித்து உள்ளே உட்கார்ந்தால் வெளியைவிடக் குளிர்ந்தது. நம் வீட்டுக்கே அப்படி என்றால் மொட்டைமாடியில் இன்ஸாஃப் வீட்டை நினைத்துப் பார், நாலு பக்கமும் காற்று, கூரை ஒரு அடுக்குத்தான். பாய்லர் எரியும்போதே வெந்நீர் மேலே அவள் வீட்டுக் கணப்புக்கு ஏறிச் சேர்வதற்குள் பாதி ஆறிவிடும் என்று அவள் சண்டை பிடிப்பாள். மின்சார ஹீட்டர் போட்டால் அந்த மாடி ஒயருக்கு ஃபியூஸ் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வாப்பா ரொட்டி வாங்கிக்கொண்டு ஏறி வரும்போது அவள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, என்ன வெயில் மந்திரி, உங்க சூரியன் இன்னிக்கு லீவா என்று கேட்டாள். இவரும் நின்று, பதினஞ்சாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோ இன்ஸாஃப், அம்மான் ஊர்ல நவம்பர் பதினஞ்சுக்கு முன்னாடி யாரும் குளிர்ல செத்ததா சரித்திரமே இல்ல என்றார். அப்ப நான்தான் முதல் ஆளா இருப்பேன், என் பேரை உங்க ரிஜிஸ்டர்ல நல்ல கையெழுத்தா எழுதிவைங்க என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நானும் சமையலறையிலிருந்து கேட்டுச் சிரித்தேன். படி முழுக்கக் கேட்டது அந்தப் பேச்சு, அதனால்தான் இப்போது யாரும் அதை மறக்க முடியாமல் இருக்கிறார்கள்.

அன்று மத்தியானமே அவள் கீழே இறங்கி வந்தாள், மேலே கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை, கையில் நான் கொடுத்த டீ கிளாஸை விடாமல் பிடித்துக்கொண்டு, வேடிக்கையெல்லாம் விட்டுவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். அடியே வதாத், நான் சொன்னா அவருக்குப் பந்தயம் மாதிரி இருக்கு, நீ சொல்லு, ராத்திரியில என் விரலெல்லாம் மரத்துப்போகுது, சாயங்காலத்துல ரெண்டு மணி நேரம் போட்டாப் போதும் என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். நம் வீட்டிலேயே வந்து இரேன் என்றும் சொன்னேன், உன் வீட்டுல மட்டும் என்ன ஆப்பிரிக்காவா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை படியில் பார்த்தபோது சொன்னியா என்று கேட்டாள், சொல்லிட்டேன், ரெண்டு நாள்ல போட்டுடுவாரு என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிவக்காய் கீறி உப்பில் போட என்னோடு உட்காருவதாகச் சொல்லியிருந்தாள், நீ அறிவாய், அவளுடைய கத்தி வேகம் யாருக்கும் வராது. பத்தானது, பதினொன்றானது, வரவில்லை. பாய்லர் இன்னும் போடவில்லையே, அந்தக் கோபத்தில்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் தனியாகக் காய் கீறிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை. நடுப்பகல் லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் நம்மிடம் இருக்கிற அவள் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். கதவைத் திறக்கும்போது கீழே ஏதோ தடுத்தது, குளிர்காற்று வராமல் இருக்கப் பழைய துணியைச் சுருட்டி வாசலில் அடைத்திருந்தாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. மகனே, எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா, அப்பாடா, இவள் வீடு சூடாக இருக்கிறதே என்று சந்தோஷம்தான். மாடியில் இறைச்சி சுடுவதற்கு வைத்திருந்தாளே ஒரு கரிச்சட்டி, அதில் வெளியே கரியைப் பற்றவைத்து, புகை அடங்கிக் கனலானதும் உள்ளே கொண்டுவந்து நாற்காலிப் பக்கத்தில் வைத்திருந்தாள். புகை இல்லையே, இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் சிவந்து, நல்ல ஆரோக்கியமாக இருப்பவள் மாதிரி இருந்தாள். தொட்ட பிறகுதான் கத்தினேன். எனக்கும் தலை சுற்றியது, ஜன்னலைத் திறந்தேன், உன் வாப்பா கீழேயிருந்து ஒரு கால் செருப்பில்லாமல் ஓடி வந்தார், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கரிக்கனலின் விஷவாயு, உயிர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார்கள். அதாவது பத்து மணி.

அவள் அக்கா மகன் ஷஃபீக் அன்று மாலையே வந்து இர்பிதுக்குக் கொண்டுபோனான். நாங்கள் ஆறு வீட்டுக்காரர்களும் போனோம். இரண்டாம் நாள் துக்க வீட்டில் ஆண்கள் பக்கத்தில் நடந்ததை ஹிக்மத் வந்து அவன் மனைவியிடம் சொல்லி அவள் என்னிடம் சொன்னாள். கசப்புக் காபி சுற்றி வரும்போது ஷஃபீக் எழுந்து வந்து உன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா, என் சித்திக்கு நீங்கதான் கூடப் பிறந்தவரா இருந்தீங்க, அந்த வீட்டுல நீங்க இருக்கிற தைரியத்துலதான் நாங்க இங்க நிம்மதியாத் தூங்கினோம் என்றானாம். உன் வாப்பா எழுந்து நின்றாராம். அப்படிச் சொல்லாதே தம்பி, உன் சித்தி குளிருதுன்னு என்கிட்ட கேட்டா, நான் கேலி பண்ணினேன், சாவி என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அங்கிருந்த பெரியவர் ஒருவர், உட்காருங்க, அது அல்லாஹ் எழுதினது என்று சொல்ல, எழுதினது அவன்தான், சாவியை வெச்சிருந்தது நான் என்றாராம் இவர். ஷஃபீக் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான், அப்புறம் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. உன் வாப்பா அதற்குப் பிறகு நாலு முறை அவனுக்குப் போன் செய்துவிட்டார், எடுக்கவில்லை.

அன்று திரும்பி வந்ததும் சாவியை ஹிக்மத் கையில் கொடுத்துவிட்டார். அவன் வாங்கும்போது, உன் பேரைச் சேர்த்து அவரைக் கூப்பிட்டு, அபூ அய்ஹம், நான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசினேன் என்று ஏதோ ஆரம்பித்தான், இவர் கேட்க நிற்கவில்லை. பாய்லர் அன்றிலிருந்து காலையும் மாலையும் எரிகிறது, டீசலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, வீடெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கிறது. உன் வாப்பா மட்டும் உன் அறைக்குள் போய் அங்கே இருக்கிற கணப்பின் குழாயை மூடிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், தொழப் போகிறார், வருகிறார். காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போய் டிகிரி பார்க்கிற பழக்கம் நாற்பது வருஷத்துப் பழக்கம், அது நின்றுவிட்டது. போனில் உன்னோடு பேசும்போது குரல் ஏன் கம்மியிருக்கிறது, சளியா என்று கேட்டாயே, சளி இல்லை.

இனி எழுதப்போவதை ருதைனாவிடம்கூட நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை படியில் இன்ஸாஃபிடம் சொல்லிட்டேன் என்றேன் இல்லையா, நான் சொல்லவே இல்லை. உன் வாப்பாவிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீ இந்த வருஷமும் பெருநாளுக்கு வரவில்லை என்று எங்களுக்குள் ஒரு மாதமாகப் பேச்சு சரியில்லாமல் இருந்தது, நீதான் அவனைப் போக விட்டாய் என்று அவர் சொல்ல, நீங்கள்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நான் சொல்ல, அப்படியே வளர்ந்துபோயிருந்தது. அந்த வாரம்தான் கொஞ்சம் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார், ஒலிவக்காய் மூட்டையைத் தூக்கிவந்து வைத்துவிட்டு எனக்கு ஒரு கிளாஸ் டீ போட்டுக் கொடுத்தார். பாய்லர் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அவ்வளவு குளிரவும் இல்லை. அவளுக்குப் பொய் சொல்லி அனுப்பினேன், அவள் என்னை நம்பி இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கரியைப் பற்றவைத்தாள். நான் சொல்லியிருந்தால் உன் வாப்பா கேட்டிருப்பார். அவருடைய பிடிவாதமெல்லாம் படிக்கட்டு வரைக்கும்தான், வீட்டுக்குள் நான் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்லி அவர் மறுத்ததே கிடையாது. இது எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அவர் எழுந்து நின்று பழியை முழுசாக ஏற்றுக்கொண்டார் என்று கேட்டபோது, பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். மூன்று வாரமாக அந்தப் பரிதாபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு எழுதியபோது வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது, தாளை மடித்து வைத்துவிட்டேன். இப்போது சனிக்கிழமை காலை, தொடர்கிறேன். உனக்கு எழுத முடிந்ததை அவரிடம் சொல்ல முடியாதா என்று ஒரே உறுத்தலாக இருந்தது, அவர் கோட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே கேட்டார். நான் அழுது முடித்ததும் பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் என் முன்னால் குரலை அப்படி உயர்த்தியதில்லை, மேசையில் அடித்து, மூணு வாரமா என்னை இதுல தனியா விட்டுட்டியே வதாத், நீ பக்கத்துலயே உக்காந்திருந்தியே, என்னைத் தனியா விட்டுட்டியே என்று கத்தினார். கத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழவில்லை. நான் பக்கத்தில் போனேன், கையை ஓங்கித் தள்ளிவிட்டார். அதோடு நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. இன்று காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், வியாழக்கிழமை இர்பித் பஸ்ஸுக்குக் கிளம்பி இரு, அந்தப் பையன்கிட்ட நான் பாதிதான் சொல்லியிருக்கேன், மீதியை நீயே வந்து சொல்லு என்றார். சரி என்றேன். அவன் போனையே எடுக்காதவன், கதவைத் திறப்பானோ மாட்டானோ தெரியாது. திறந்தால் அவன் வீட்டுப் பெண்கள் இருக்கிற இடத்திலேயே நான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் போகிறேன், இந்த முறை நாளைக்கு என்று வைக்க மாட்டேன்.

நீ இந்தக் கடிதத்தைப் படித்ததும் வாப்பாவுக்குப் போன் செய், மகனே. உங்கள் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, அதைப் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் சுருங்கிப்போகிறார். இன்ஸாஃப் மாமியைப் பற்றிப் பேசு, அவள் உன்னை எப்படித் திட்டுவாள், என்ன கொடுப்பாள், எது ஞாபகம் வருகிறதோ அதைப் பேசு, அவர் அழுதால் அழட்டும், போனை வைத்துவிடாதே. என் மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் என்னிடமே சொல், ருதைனா மூலமாகச் சொல்லாதே. உன் அறை வீட்டுக்காரரிடம் கணப்பைப் போடச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்காதே, நீ சின்ன வயதிலிருந்தே கேட்கத் தெரியாத பிள்ளை. காலுறையை வெந்நீரில் துவைக்காதே, சுருங்கிவிடும். எண்ணெய் டின்னைத் திறந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் மாற்றிவிடு. அல்லாஹ் உன் ஆயுளை நீட்டி, உனக்கு நல்ல துணையைக் கொடுத்து, உன்னை மறுபடி என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு அவளுக்காக ஒரு ஃபாத்திஹா ஓது, அவளுக்குப் பிள்ளை இல்லை, உன்னைத்தான் அவள் தன் பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் எதையும் மறைக்காத,
உன் உம்மா வதாத்
அம்மான், லுவைப்தே, சனிக்கிழமை காலை